ஏ.பி. ஸ்பானிஷ் தொடங்குமுன்: எங்கே தடுக்கிறது, எப்படிச் சரிசெய்வது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிஷ் மூன்றாம் நிலையோ நான்காம் நிலையோ முடித்துவிட்டு, அடுத்த ஆண்டு ஏ.பி. ஸ்பானிஷ் (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படித்துத் தேர்வு எழுதும் பாடம்) எடுக்கப்போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம். கோடை விடுமுறை வந்ததும் பெரும்பாலோர் செய்வது, ஓர் இலக்கணப் பயிற்சிப் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது. அது தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் என்னிடம் ஸ்பானிஷ் கற்க வந்த பிள்ளைகளில் பலருக்கு இலக்கணம் ஓரளவு தெரிந்தே இருந்தது. வேண்டிய நொடியில் அது வாய்க்கு வரவில்லை, காதுக்கு எட்டவில்லை.

ஏ.பி. தேர்வு அந்த நொடியைத்தான் சோதிக்கிறது. பல ஆண்டுகளாக இருந்துவந்த வடிவத்தில், உரையாடல் பகுதியில் எதிர்முனைக் குரல் ஐந்து முறை பேசும். ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல 20 விநாடி. பண்பாட்டு ஒப்பீட்டுக்கு (ஸ்பானிஷ் பேசும் ஒரு நாட்டின் வழக்கத்தைத் தன் சமூகத்தோடு ஒப்பிடுவது) 4 நிமிடம் யோசித்து 2 நிமிடம் பேச வேண்டும். மின்னஞ்சலுக்குப் பதில் எழுத 15 நிமிடம். வடிவம் மாறுவதுண்டு, உங்கள் பிள்ளை எழுதும் ஆண்டுக்கான விவரத்தை, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வடிவமானாலும் வேகம் கேட்கும்.

கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்ய வேண்டியதில்லை. எந்த அறிகுறி பொருந்துகிறதோ அதற்கு நேரே போங்கள். பெற்றோருக்கு ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தமிழ் தெரிந்தவர்கள் கைகொடுக்கக்கூடிய இடங்கள் இதில் நிறைய இருக்கின்றன.

அறிகுறி: படித்தால் புரிகிறது, பேச வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை

முதலில் ஒரு சோதனை. ஃபோனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, நேற்று என்னென்ன செய்தாய் என்று ஒரு நிமிடம் ஸ்பானிஷில் பேசச் சொல்லுங்கள். பிறகு அதையே எழுதச் சொல்லுங்கள். எழுத்து நன்றாக இருந்து பேச்சு மட்டும் திக்கினால் சிக்கல் இங்கேதான். எழுத்தும் திக்கினால் இறந்தகாலம் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

காரணம் எளிது. ஒரு சொல்லைப் பார்த்து அடையாளம் காண்பது ஒரு திறன், அதே சொல்லை வெறும் மனதிலிருந்து எடுப்பது வேறொரு திறன். வகுப்பில் பெரும்பாலும் முதலாவதற்குத்தான் பயிற்சி. 30 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. அதனால் பேச வேண்டி வரும்போது முதலில் ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்து, அதை மொழிபெயர்த்து, வினைச்சொல்லின் ஈற்றைச் சரிபார்த்து… 20 விநாடி முடிந்துவிடும்.

இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது 4-3-2 பயிற்சி. மொழிக் கல்வி அறிஞர் பால் நேஷன் பரவலாக்கியது. ஒரே விஷயத்தை முதலில் 4 நிமிடம் பேசவேண்டும். உடனே அதையே 3 நிமிடத்தில். மறுபடியும் 2 நிமிடத்தில். சொல்லும் செய்தி மாறக்கூடாது, நேரம் மட்டும் குறையும். முதல் சுற்றில் தேடித் தேடி எடுத்த சொற்கள் மூன்றாம் சுற்றில் தாமாக வரும். பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்ப்பவருக்கு ஒரு சொல்கூடப் புரிய வேண்டியதில்லை. தாத்தா பாட்டிகூட இந்த வேலையைச் செய்யலாம். நான்கு நிமிடம் அதிகமாகத் தெரிந்தால் 2, 1½, 1 என்று ஆரம்பியுங்கள். தன் அறை, பிடித்த விளையாட்டு, பள்ளிப் பேருந்து என்று தெரிந்த விஷயமாக இருக்கட்டும். உலக வெப்பமயமாதல் எல்லாம் பிறகு.

அடுத்து, சொல் தெரியாதபோது நின்றுவிடும் பழக்கத்தை உடைக்க வேண்டும். "எஸ் ஊனா கோசா கே சிர்பே பாரா…" என்றால், "இது இன்ன காரியத்துக்குப் பயன்படும் ஒரு பொருள்". இந்த ஒரு தொடர் எத்தனையோ இடங்களில் காப்பாற்றும். சமையலறையில் ஒரு விளையாட்டு ஆடலாம்: கரண்டி, இட்லித் தட்டு, தேங்காய்த் துருவி இவற்றின் பெயரைச் சொல்லாமல் ஸ்பானிஷில் விளக்க வேண்டும். இட்லித் தட்டுக்கு ஸ்பானிஷில் சொல்லே கிடையாது என்பதால், அகராதியைத் தேட வழியில்லாமல் பிள்ளை பேசியே ஆகவேண்டும்.

அப்புறம் இடைச்சொற்கள். யோசிக்கும் இடைவெளியில் ஆங்கில "அம்" வந்தால் பேச்சு ஸ்பானிஷை விட்டு வெளியே போய்விடும். "புவேஸ்", "புவேனோ", "அ பேர்", "எஸ் கே" என்ற நான்கு போதும். "புவேஸ்" என்று இழுத்துக்கொண்டே யோசித்தால் கேட்பவருக்கு உறுத்தாது. இவற்றைத் தனியாகப் பாடம் பண்ண வேண்டாம். 4-3-2 செய்யும்போது "அம்" வரும் இடத்தில் எல்லாம் இவற்றில் ஒன்றைப் போட்டுப் பழகினால் போதும்.

அறிகுறி: ஆசிரியர் பேசினால் புரிகிறது, மற்றவர்கள் பேசினால் ஒரே இரைச்சல்

ஆசிரியர் மாணவர்களுக்காகவே நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார். வெளியில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஸ்பானிஷில் ஒரு சொல் உயிரெழுத்தில் முடிந்து அடுத்தது உயிரெழுத்தில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நம் புணர்ச்சி போலத்தான். ஆனால் அவர்கள் சேர்த்து எழுதுவதில்லை. தாளில் தனித்தனியாகப் பார்த்த சொற்கள் காதில் ஒன்றாக விழுகின்றன.

ஊருக்கு ஊர் உச்சரிப்பும் மாறும். கியூபா, புவெர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசுப் பேச்சில் அசையின் ஈற்றில் வரும் "ஸ்" வெறும் மூச்சாகத் தேய்ந்துபோகும், அல்லது காணாமலே போகும். அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் மற்ற இடங்களில் "யோ" (நான்) என்று சொல்வதை "ஷோ" என்பார்கள். "தூ" (நீ) என்பதற்குப் பதில் "போஸ்" என்பார்கள். ஸ்பெயினின் பெரும்பகுதியில் "கிராசியாஸ்" என்பதில் வரும் "சி" பல்லிடுக்கில் நாக்கை வைத்துச் சொல்லும் ஒலியாக இருக்கும். தேர்வில் பல நாட்டுக் குரல்கள் வரும். ஒரே குரலைக் கேட்டுப் பழகியவர்கள் அங்கே திணறுகிறார்கள்.

செய்ய வேண்டியது: எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கும் சிறிய ஒலித்துண்டுகள். 2012இல் தொடங்கிய ரேடியோ ஆம்புலான்டே, லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து உண்மைக் கதைகளைச் சொல்லும் நிகழ்ச்சி. அதன் எழுத்து வடிவம் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. அதில் ஒன்றரை நிமிடத்தை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேட்க வேண்டும். புரிந்ததை ஒரு வரியில் எழுத வேண்டும். அடுத்து எழுத்தைப் பார்த்தபடி கேட்டு, காது தவறவிட்ட இடங்களில் கோடு போட வேண்டும். பிறகு மறுபடி பார்க்காமல். அந்தக் கோடு போட்ட இடங்கள்தான் பாடம். பெரும்பாலும் அங்கே இருப்பது தெரிந்த சொல்லாகவே இருக்கும், ஒட்டிக்கொண்டதால் அடையாளம் தெரியாமல் போயிருக்கும்.

ரேடியோ ஆம்புலான்டே மிகக் கடினமாக இருந்தால் யூடியூபில் ட்ரீமிங் ஸ்பானிஷ் இருக்கிறது. படம் வரைந்து, கைகாட்டி, மெதுவாகப் பேசுவார்கள். நிலை நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். வேகத்தை 0.75 ஆகக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கடைசிச் சுற்று எப்போதும் இயல்பான வேகத்தில் இருக்க வேண்டும்.

ஆங்கில எழுத்தோடு ஸ்பானிஷ் தொடர்களை மணிக்கணக்கில் பார்ப்பதை நான் பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண் ஆங்கிலத்தைப் படித்துவிடும், காது ஓய்வெடுக்கும். எழுத்தும் ஸ்பானிஷிலேயே இருக்கட்டும்.

அறிகுறி: உச்சரிப்பு அமெரிக்க ஆங்கிலம் மாதிரியே இருக்கிறது

இந்த இடத்தில் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கையிலேயே மருந்து இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானிஷை உச்சரிக்காமல் தமிழின் வழியாக உச்சரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பானிஷின் "த" பல்லில் நாக்கு படும் ஒலி, தக்காளியின் "த". ஆங்கிலப் பழக்கத்தில் பிள்ளைகள் அதை "ட" பக்கம் கொண்டுபோய், கூடவே ஒரு மூச்சையும் சேர்த்துவிடுகிறார்கள். தமிழில் ப, த, க சொல்லும்போது அந்த மூச்சு கிடையாது, ஸ்பானிஷிலும் கிடையாது. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒலி மென்மையாவதும் இரண்டு மொழியிலும் உண்டு. "நாதா" என்றால் ஸ்பானிஷில் "ஒன்றுமில்லை". அந்தத் "தா" நம் "பாதை"யில் வரும் "தை" போல மெல்லியது. "அமிகோ"வின் "கோ" நம் "நகம்" என்பதில் வரும் "க" போல உரசிப் போகும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவர்கள் இதைத் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. அம்மா "பாதை, நகம், அது, அகலம்" என்று சொல்ல, பிள்ளை அதே நாக்கோடு "நாதா, அமிகோ, தோதோ, லாகோ" என்று சொன்னால் பத்து நிமிடத்தில் வித்தியாசம் கேட்கும்.

ரகரம் இரண்டு வகை. "ஆனால்" என்று பொருள்படும் "பெரோ"வில் நாக்கு ஒருமுறை தட்டும், நம் "மரம்" மாதிரி. நாயைக் குறிக்கும் "பெர்ரோ"வில் நாக்கு பலமுறை அதிர வேண்டும். குமரி மாவட்டத்துக்காரர்கள் பலர் "பறவை", "கறி" என்று அழுத்திச் சொல்லும்போது அந்த அதிர்வைக் கேட்கலாம். வீட்டில் அப்படிப் பேசும் பெரியவர் இருந்தால் அவரே ஆசிரியர். வராத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். சில வாரம் தினமும் கொஞ்சம் முயன்றால் பலருக்கு வந்துவிடுகிறது.

தனிச்சொல் சந்தேகத்துக்கு ஃபோர்வோ தளம் நல்லது. பல நாட்டுத் தாய்மொழிக்காரர்கள் அதே சொல்லை உச்சரித்திருப்பார்கள்.

அழுத்தத்தையும் விட்டுவிடக்கூடாது. "ஆப்லோ" என்று முதல் அசையை அழுத்தினால் "பேசுகிறேன்". "அப்லோ" என்று கடைசி அசையை அழுத்தினால் "பேசினான்", "பேசினாள்". அழுத்தத்தைக் காட்ட உயிரெழுத்தின் மேல் போடும் சிறு கோடு எழுத்தில் விடுபட்டால் காலமும் ஆளும் மாறிவிடும். கோட்டைக் கண்ணால் மனப்பாடம் செய்யாமல், உரக்கச் சொல்லி எங்கே அழுத்துகிறோம் என்று கேட்டுப் போட்டால் தவறு குறையும்.

அறிகுறி: இறந்தகாலத்தில் கதை சொன்னால் இரண்டு வடிவமும் கலந்துபோகிறது

இது ஏறக்குறைய எல்லோருக்கும் உள்ளது. "கோமீ" என்றால் சாப்பிட்டேன், முடிந்த செயல். "கோமீயா" என்பது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் அல்லது அந்தக் காலத்தில் வழக்கமாகச் சாப்பிடுவேன். ஆங்கிலத்தில் இரண்டுக்குமே ஒரே வினை வடிவம் வரக்கூடும். அதனால் ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளைக்கு எதைப் போடுவது என்று தெரிவதில்லை. விதிப் பட்டியலைத் தேடுகிறது.

தமிழில் யோசித்தால் பாதி வேலை முடிந்தது. "ஊரில் இருக்கும்போது தினமும் ஆற்றுக்குப் போவோம்" என்று பாட்டி சொல்கிறாரே, நடந்தது பழைய காலத்தில், வினை "போவோம்". அது வழக்கம். ஸ்பானிஷில் அங்கே இரண்டாவது வடிவம், "ஈபாமோஸ்". "ஒருநாள் அண்ணன் ஆற்றில் விழுந்துவிட்டான்" என்றால் ஒருமுறை நடந்து முடிந்தது, முதல் வடிவம். "அப்போது மழை பெய்துகொண்டிருந்தது", மறுபடி இரண்டாவது. ஆக, தமிழில் "-வோம், -வேன், -வார்கள்" என்ற வழக்கமோ "-கொண்டிருந்த" என்ற தொடர்ச்சியோ வந்தால் இரண்டாம் வடிவம். "-ட்டேன், -ந்தான், -விட்டது" என்று முடிந்தால் முதல் வடிவம். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. "அவன் உயரமாக இருந்தான்" போன்ற வர்ணனைகள் தமிழில் முடிந்த வடிவத்தில் வந்தாலும் ஸ்பானிஷில் இரண்டாம் வடிவமே கேட்கும். அந்த ஒன்றைத் தனியாக நினைவில் வைத்துக்கொண்டால் கதை சொல்லும்போது பெரும்பாலான இடங்கள் சரியாகிவிடும்.

பயிற்சியும் வீட்டிலேயே இருக்கிறது. அப்பாவோ பாட்டியோ தன் சிறுவயதுக் கதை ஒன்றைத் தமிழில் சொல்லட்டும். பிள்ளை அதை வரிக்கு வரி ஸ்பானிஷில் திருப்பிச் சொல்லட்டும். ஆங்கிலம் நடுவில் வரக்கூடாது என்பது மட்டுமே விதி. இதைப் போல் இரண்டு பயன் ஒரே நேரத்தில் தரும் வீட்டுப் பயிற்சி வேறு ஒன்று எனக்குத் தெரியாது. பிள்ளைக்குக் காலம் பழகுகிறது, பாட்டியின் கதையும் கிடைக்கிறது.

அறிகுறி: "எனக்குப் பிடிக்கும்" என்பதில் தொடங்கி எல்லாமே தலைகீழாகிறது

"மே குஸ்தா எல் காஃபே" என்பதை ஆங்கிலத்திலிருந்து போனால் தலையைச் சுற்றும். தமிழில் "எனக்குக் காப்பி பிடிக்கும்". அதே நான்காம் வேற்றுமை, அதே அமைப்பு. "மே துவேலே லா காபேசா", எனக்குத் தலை வலிக்கிறது. "மே ஃபால்தா தியெம்போ", எனக்கு நேரம் போதவில்லை. ஒன்று மட்டும் கவனம்: பிடித்தது பன்மையானால் வினையும் "குஸ்தான்" என்று மாற வேண்டும். பசிக்கும் தாகத்துக்கும் இந்த வழி போகாது. ஸ்பானிஷில் பசியை "வைத்திருக்கிறார்கள்": "தெங்கோ ஆம்ப்ரே".

அறிகுறி: எல், லா தவறிக்கொண்டே இருக்கிறது

ஸ்பானிஷில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு; ஆண்பாலுக்கு முன்னால் "எல்", பெண்பாலுக்கு முன்னால் "லா" வரும். மேசைக்கும் நாற்காலிக்கும் பால் பார்ப்பது தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. குறுக்குவழி கிடையாது. புதுப் பெயர்ச்சொல்லை முதல் நாளிலிருந்தே எல் அல்லது லாவோடு சேர்த்து, கூடவே ஒரு பெயரடையும் போட்டுப் பழக வேண்டும். "ப்ரோப்லேமா" என்று தனியாகப் படித்தவர் தவறுவார். "எல் ப்ரோப்லேமா செரியோ" என்று படித்தவர் தவறமாட்டார். "லா மானோ", "எல் மாபா", "எல் தீயா" போன்ற ஏமாற்றும் சொற்களை இப்படித்தான் பிடிக்க முடியும்.

விருப்பம், சந்தேகம், வேண்டுகோளுக்கு வரும் தனி வினை வடிவத்துக்கும் (ஆங்கிலத்தில் சப்ஜங்க்டிவ் என்பார்கள்) இதே வைத்தியம். அட்டவணை தெரிந்திருக்கும். "கியேரோ கே பெங்காஸ்" (நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்), "எஸ் இம்போர்தான்தே கே…" (…வது முக்கியம்), "நோ க்ரேயோ கே…" (…என்று நான் நினைக்கவில்லை) என்று முழுத் தொடராக வாயில் ஏற்றினால், "கே" சொன்னதும் சரியான வடிவம் தானே வரும்.

அறிகுறி: பேசுவதற்கு ஆளே இல்லை

அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் 4 கோடிக்கும் மேல். ஆள் இருக்கிறார்கள், அணுகும் வழிதான் தெரியவில்லை. பொது நூலகங்கள் பலவற்றில் உரையாடல் குழுக்கள் நடக்கின்றன. உணவு வங்கி, சிறுவர்களுக்கான கதை நேரம் போன்ற தொண்டு வேலைகளில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களோடு இயல்பாகப் பேச வாய்ப்பு வரும், தொண்டு மணி நேரமும் கணக்கில் சேரும். கடையில் வேலை செய்பவரிடம் பேசிப் பழகுவதென்றால், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, முதலில் அனுமதி கேட்க வேண்டும்: "புவேதோ ப்ராக்திகார் மி எஸ்பாஞோல் கோன் உஸ்தேத்?" (உங்களோடு என் ஸ்பானிஷைப் பேசிப் பழகலாமா?) அவர் வேலையில் இருக்கிறார், அவர் நேரத்துக்கு மதிப்புக் கொடுப்பது முக்கியம். முன்பின் தெரியாதவர்களோடு பேச வைக்கும் மொழிப் பரிமாற்றச் செயலிகள் சில 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவற்றை நான் சொல்வதில்லை.

வகுப்பிலேயே வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் சரளமாகப் பேசுவதைக் கேட்டு நம் பிள்ளை வாயை மூடிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அவர்களில் பலருக்கு எழுத்துக்கூட்டலும் கட்டுரை நடையும் கடினம். வீட்டில் கேட்ட மொழியைப் பள்ளியில் எழுதிப் பழகியிருக்க மாட்டார்கள். நம் வீடுகளில் தமிழ் பேசத் தெரிந்து எழுதத் தெரியாத பிள்ளைகளின் நிலைதான் அது. சேர்ந்து படித்தால் இருவருக்கும் நல்லது: நம் பிள்ளை அவர்கள் கட்டுரையைப் பார்த்துத் தரலாம், அவர்கள் நம் பிள்ளையின் பேச்சைத் திருத்தலாம்.

அறிகுறி: மின்னஞ்சல் பதிலில் மரியாதை கலந்துபோகிறது

முறையான மின்னஞ்சலுக்குப் பதில் முழுவதும் "உஸ்தேத்" என்ற மரியாதை வடிவில் இருக்க வேண்டும். பிள்ளைகள் "எஸ்திமாதோ செஞ்ஞோர்" என்று பணிவாகத் தொடங்கி, மூன்றாம் வரியில் "தூ"வுக்கு இறங்கிவிடுகிறார்கள். தலைமையாசிரியருக்கு "நீங்கள்" என்று ஆரம்பித்து "உன் கடிதம் கிடைத்தது" என்று எழுதுவோமா? எழுதி முடித்ததும் "தூ, தே, து" மூன்றை மட்டும் தேடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும். கூடவே, வந்த அஞ்சலில் உள்ள எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறதா, நம் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறோமா என்றும் பார்க்க வேண்டும்.

அறிகுறி: பண்பாட்டு ஒப்பீட்டில் சொல்ல விஷயமே இல்லை

இங்கே மொழி குறையில்லை, செய்தி குறை. ஸ்பானிஷ் பேசும் 20 நாடுகளையும் மேலோட்டமாகத் தெரிந்துகொள்வதைவிட, இரண்டு மூன்றை நன்றாகத் தெரிந்துகொள்வது மேல். மெக்ஸிக்கோ ஒன்று, ஸ்பெயின் ஒன்று, தென் அமெரிக்காவில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம். பிபிசி முண்டோவில் அந்த நாடுகள் பற்றி வாரம் இரண்டு கட்டுரை படித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஊர், ஆண்டு, வழக்கம் என்று மூன்று தகவலை நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

ஒப்பிடக் கேட்பது "உன் சமூகத்தோடு". அது பள்ளியாக இருக்கலாம், ஊராக இருக்கலாம், தமிழ்ச் சமூகமாகவும் இருக்கலாம். மெக்ஸிக்கோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்குப் படையல் வைக்கிறார்கள். நம் வீட்டில் ஆடி அமாவாசையும் திதியும் இருக்கின்றன. பெண்ணின் 15ஆம் பிறந்தநாளை ஊர்கூடிக் கொண்டாடும் கின்ஸெஆஞெரா இருக்கிறது. நம்மிடம் மஞ்சள் நீராட்டு. கட்டலோனியாவில் ஒருவர் மேல் ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் கட்டுகிறார்கள், 2010இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. கோகுலாஷ்டமி உறியடிக்கு ஏறுபவர்களைப் பார்த்த பிள்ளைக்கு அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவது கடினமா?

ஒற்றுமையை மட்டும் அடுக்கினால் போதாது. வேற்றுமையும் காரணமும் வேண்டும். "அ திஃபெரென்சியா தே" (…போலல்லாமல்), "மியென்த்ராஸ் கே" (…ஆனால் அங்கேயோ), "சின் எம்பார்கோ" (இருந்தாலும்) என்ற இணைப்புகளை வைத்து இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பேசச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்குத் திதி ஏன் செய்கிறோம் என்பதே தெரியாமல் இருக்கலாம். அதை முதலில் வீட்டில் தமிழில் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு 4 நிமிடம் குறிப்பு எடுக்கவிட்டு, ஒலிப்பதிவை அழுத்துங்கள்.